அஞ்சலையம்மாளின் ஆறு நிமிட நடை

1

இன்று காலை பன்னிரண்டாவது முறையாக என் வேலை அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். அதே வரிசைச் சீட்டு, அதே இரும்பு நாற்காலி, அதே குளிர். ஜொகூர் வெயிலில் வெந்துகொண்டே குடிநுழைவு அலுவலகத்துக்குள் நுழைகிறவள், வருடா வருடம் சால்வையை மட்டும் மறந்துவிடுகிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞர் மலாயில் கேட்டார், என்ன வேலை என்று. வயதானவர்களின் இதயத்தைப் பார்க்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது ‘ஹாத்தி’. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, ஹாத்தி என்றால் ஈரல். காதலித்தால் உடைவதும் அதுதான். ஆனால் துடிப்பது ஜந்தோங். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்?”

“துடிப்பதை,” என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம். வெளியே வந்து, நிழல் தேடி நின்றுகொண்டு, அந்தத் தாளை மூன்று தடவை வாசித்தேன். முன்பெல்லாம் இந்தத் தாளைக் கையில் வாங்கும்போது எரிச்சல்தான் வரும்: ஒரு வருடம்தானா? இன்று அப்படித் தோன்றவில்லை. ஒரு வருடத்துக்காக ஒருவர் என்னவெல்லாம் செய்வார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன்.

2

விருதுநகரில் என் தோழிகள் “அங்க என்னதான்டி பண்ற?” என்று கேட்கும்போதெல்லாம், “ஸ்கேன் எடுக்குறேன்” என்று ஒரே சொல்லில் கதவைச் சாத்திவிடுவேன். இந்தத் தடவை திறந்தே சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தருகிற மருந்துகளில் சில, கட்டியைத் துரத்துகிற கையோடு இதயத்தின் தசையையும் சோர வைத்துவிடும். எல்லோருக்கும் அல்ல. சீக்கிரம் தெரிந்துகொண்டால் பல நேரம் மீட்டுவிடவும் முடியும். ஆனால் எழுபதைத் தொட்ட பெண்களுக்கு இது எப்படி வருகிறது, எந்த வாசல் வழியாக வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு. ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்கத் தயங்குவார்கள். வயதாகிவிட்டது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நோய் அவர்களை அப்படி நிறுத்துவதில்லை.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு சின்னக் குழு அவர்களைத்தான் தேடித் தேடிச் சேர்க்கிறது. மருந்து தொடங்குமுன் ஒரு இதய ஸ்கேன். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. நடுவில் ஊசிக்கு வரும் நாட்களில் ஒரு கேள்வித்தாள், ஒரு நடை. நடை என்றால் ஆறு நிமிடம். தூண்கள் நிற்கும் நீண்ட நடைபாதையில் முடிந்தவரை வேகமாகப் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்க வேண்டும். நான் கையில் கடிகாரத்தோடு நிற்பேன். எவ்வளவு தூரம், எங்கே நின்றார், எத்தனை தடவை நின்றார் என்று எழுதிக்கொள்வேன்.

கேள்வித்தாளைத் தமிழாக்கியதும் நான்தான். அழகாக, சுத்தமாக, விருதுநகர்த் தமிழில்.

“ரெண்டு மாடி ஏறுனா மூச்சு வாங்குதாம்மா?”

“எங்க வீட்டுக்கு மாடியே இல்லையே மிஸி.” மிஸி என்றால் இங்கே நர்ஸ். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்து விட்டுவிட்டேன்.

“சரி, கடைக்குப் போய்ப் பை தூக்கிட்டு வர்றப்ப?”

“பிள்ளைங்க காடில போயி வாங்கிட்டு வந்துருவாங்க.” காடி என்றால் கார்.

ஆக, மூச்சு வாங்கவில்லை. கட்டத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன்.

தமிழ் தெரியும் என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. தமிழ் தெரிந்தால் போதும் என்று வேலை கொடுத்தவர்கள் நினைத்தார்கள். அவர்களைவிட அதிகமாக நான் நினைத்தேன்.

3

அஞ்சலையம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் கித்தா மரம் வெட்டியவர். ரப்பரை இங்கே கித்தா என்பார்கள். பாலுக்காகப் பட்டையைச் சீவுவதுதான் ‘மரம் வெட்டுவது’. முதல் தடவை கேட்டபோது, ஒரு காட்டையே தனியாளாகச் சாய்த்தவர் என் முன்னால் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மிரண்டுபோனேன்.

தோட்டம் கைமாறி, குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி, வாடகை வீடு வாடகை வீடாக அலைந்து, கடைசியில் மகள் செல்வியின் பெயரில் செனாயில் ஒரு சின்ன வீடு. செல்வி அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். வீட்டுக்கு வந்த அடுத்த வருடம் மார்பில் கட்டி.

ஒப்புதல் படிவம் பதினொரு பக்கம். நான் வாசிக்க வாசிக்க அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு வந்த நோயே நல்லாயிரும் போல,” என்றார்.

ஏழாம் பக்கத்தில் மட்டும் நிமிர்ந்தார். ‘இதயத்தின் வலு குறைந்தால் ஊசியை நிறுத்தி வைப்போம்’ என்ற வரி.

“நிறுத்துனா?”

“கொஞ்ச நாள் இதயத்துக்கு மாத்திரை குடுத்துட்டு, சரியானா மறுபடி போடுவாங்கம்மா.”

“சரியாகலைன்னா?”

“வேற வழி பாப்பாங்க.”

“ம்,” என்றார். மீதி நான்கு பக்கத்தை அவர் கேட்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. அந்த ஒரு வரியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நேரமெல்லாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். பெரட்டு என்கிற காலை வரிசையில் ஆள் எண்ணுகிற விடியல், உளியைத் தீட்டும் கல், பால் வடியும் மங்கு, மங்கு என்றால் மரத்தில் கட்டும் கிண்ணம், எல்லாம் கேட்பேன். கேட்டதை வீட்டுக்குப் போய் எழுதிவைப்பேன். தோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே என் முகம் மலர்வதை அவரும் பார்த்துத்தான் இருக்கிறார்.

4

எட்டாவது ஊசிக்கு வந்த அன்று நடைபாதையில் அவர் வித்தியாசமாக நடந்தார்.

முதல் தூண்வரை நல்ல வேகம். தூணருகே நின்றார். இடது கையைத் தூண்மேல் வைத்தார். வலது கை காற்றில் சரிவாக ஒரு கோடு இழுத்தது. தலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு அடுத்த தூணுக்கு. அங்கேயும் அதே நிற்றல், அதே கோடு.

“ஏன்மா நிக்கிறீங்க? மூச்சு முட்டுதா?”

“சேச்சே.” புடவைத் தலைப்பால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். “மரத்தக் கண்டா நிக்கிற காலு இது மிஸி. எத்தன வருசப் பழக்கம்!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு மருத்துவமனையின் பளிங்குத் தூண்கள் என் கண்முன்னே ரப்பர் மரங்களாகின. வரிசை வரிசையாகப் பட்டை சீவி, பால் வடிய, அவற்றின் நடுவே ஒரு பெண் இன்னும் வேலையில் இருக்கிறார். ஆறு நிமிடம் முடிந்ததைச் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

தூரம் குறைந்திருந்தது. அதை எண் சொன்னது. காரணத்தை நான் சொன்னேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: ‘நின்றது ஓய்வுக்காக அல்ல. தொழில் பழக்கம்.’

அடுத்த ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருந்தது.

5

புஷ்பா எங்கள் பிரிவின் நர்ஸ். என்னைவிடப் பத்து வயது இளையவள். சின்ன வயதெல்லாம் தோட்டத்தில். நான்கு நாள் கழித்துக் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

“அலமாக்! யாருக்கா இத எழுதுனது?”

“நான்தான். ஏன், நல்லா இல்லையா?”

“நீங்க கித்தா காட்டப் பாத்திருக்கீங்களா?”

“பஸ்ல போறப்ப.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். “எங்கம்மா மரம் வெட்டுனவங்க. லீவு நாள்ல நானும் பின்னாடியே போவேன். போவேன்னா என்ன, ஓடுவேன். வெயில் ஏறுனா பால் நின்னுரும்லா. நானூறு ஐநூறு மரத்த அதுக்குள்ள முடிக்கணும். கை இந்த மரத்தச் சீவுறப்பவே காலு அடுத்த மரத்துக்குத் திரும்பியிருக்கும். நின்னு அண்ணாந்து பாக்க எவளுக்கு நேரம்? வேலைய மேய்க்கிற தண்டல் விட்டுருவானா? மரம் வெட்டுனவங்களுக்கு நிக்கிற பழக்கமா? ஓடுற பழக்கம்க்கா, ஓடுற...”

சொல்லிக்கொண்டே வந்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் தொலைபேசியை எடுத்தேன்.

அஞ்சலையம்மாளே பேசினார். நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று மூன்று தடவை சொன்னார். என் கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

“எங்க படுத்துத் தூங்குறீங்கம்மா?”

பின்னணியில் எங்கோ ஒரு தண்ணீர்க்குழாய் திறந்திருந்தது.

“படுக்கறதில்ல,” என்றார். “நாக்காலிலதான். படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்தாப்ல இருக்கு.”

“எத்தன நாளா?”

“எண்ணவா முடியும்.”

6

அன்று மாலையே செல்வி ஷிப்டை மாற்றிக்கொண்டு அழைத்து வந்தார். ஸ்கேன் எடுத்தது நான். திரையில் இதயத்தின் இடது கீழறை, சுருங்க வேண்டிய நேரத்தில் பாதி மனத்தோடு சுருங்கிக்கொண்டிருந்தது. அளக்காமலே தெரிந்தது. அளந்தேன். போன ஸ்கேனில் அறுபதையொட்டி இருந்த இதய வலுவின் எண், நாற்பதையொட்டி வந்திருந்தது.

இதய மருத்துவர் சொன்னது சுருக்கமானது. இன்றே வார்டில் சேர்க்க வேண்டும். நெஞ்சில் கோத்த நீரை இறக்க வேண்டும். ஊசியை நிறுத்தி வைக்க வேண்டும். இதயத்துக்கு மாத்திரை. எட்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன். அதைப் பார்த்துத்தான் முடிவு.

மறுநாள் வார்டுக்குப் போனேன். நீர் இறங்கி முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தத் தெளிவு போய்விட்டது.

“நீதான் காட்டிக் குடுத்த.”

“ஆமாம்மா.”

“வாடகை வீட்டுலயும் தோட்டத்து வீட்டுலயும் கெடந்து, சொந்த வீட்டுக்கு வந்து ரெண்டு வருசம் முடியல. வாழக்கன்னு வச்சு இன்னும் குலை தள்ளல. இன்னொரு வருசம் இருந்துட்டுப் போறேன்னுதான பல்லக் கடிச்சுக்கிட்டு நடந்தேன்? இப்ப ஊசிய நிறுத்திட்டீங்க.”

“அப்படியே நடந்திருந்தா அந்த வருசம் இருந்திருக்காதும்மா.”

போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

“அன்னைக்கு மரத்தக் கண்டா நிக்கிற காலுன்னு சொன்னீங்களே...”

என்னைப் பார்த்தார். கோபத்துக்கு நடுவில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

“உனக்குத் தோட்டத்துக் கதைன்னா உசுரு. கேட்ட, குடுத்தேன்.”

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு படுத்து உறங்குகிறார் என்பது மட்டும் எனக்கு மிச்சமான ஆறுதல்.

7

கெலாங் பாத்தாவில் எங்கள் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால், சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகும் சாலை தெரியும். என் கணவர் தினமும் அதில் போய்த் திரும்புகிறார். பதினாறு வயது மகள் என்றைக்கோ அதில் போய்த் திரும்பாமல் இருக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள். மலாயில் படிக்கிறாள், ஆங்கிலத்தில் யோசிக்கிறாள், தமிழை எனக்காக எடுத்து உடுத்திக்கொள்கிறாள், உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடை கட்டுவதுபோல.

அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அரிசி களைந்துகொண்டே சொன்னேன், முகம் பார்க்காமல் இருப்பது எளிது என்பதால்.

“மா, நீ எப்பவும் இப்படித்தான் லா,” என்றாள். “அந்தப் பாட்டிய நீ பாக்கல. எழுதிட்டு இருந்த.”

சுருக்கென்றது. ஆனால் இவள் தமிழில் இத்தனை சரியான ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லி வெகு நாளாயிற்று. வலியோடு சேர்த்து அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆய்வுத் தாளில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது, விதி அப்படி. தவறு மேல் ஒற்றைக் கோடு இழுத்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, பெயரும் தேதியும் போட வேண்டும். ‘தொழில் பழக்கம்’ என்பதன் மேல் கோடு இழுத்தேன். ‘மூச்சு வாங்கி நின்றார், நான் தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்று எழுதினேன். என் கவிதை கோட்டுக்கு அடியில் இன்றும் வாசிக்கும்படியாக இருக்கிறது.

குழுத் தலைவரிடம் தாளை நீட்டியபோது வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அனுமதி புதுப்பிக்க வேண்டிய நேரம். அவர் வாசித்தார், நெடுநேரம் நெற்றியைத் தேய்த்தார். கேள்வித்தாளில் வேறு என்னென்ன ஓட்டை இருக்கிறது, எழுதிக் கொடுங்கள் என்றார். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு இந்த நாடு செய்த பெரிய மரியாதை.

புஷ்பாவும் நானும் மூன்று மதியம் உட்கார்ந்தோம். மாடியை எடுத்தோம், கடைப் பையை எடுத்தோம். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறீர்கள் என்று சேர்த்தோம். கடைசிக் கேள்வி புஷ்பா சொன்னது: ‘போன மாதம்வரை செய்துவந்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?’

அந்தக் கேள்வியை முதலில் கேட்டது நோயாளியிடம் அல்ல. விருதுநகரில் இருக்கும் என் அம்மாவிடம். பன்னிரண்டு வருடமாக, ஞாயிறுதோறும், “நல்லா இருக்கியாம்மா?” என்பேன், “எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்” என்பாள், நம்பிவிட்டுப் போனை வைப்பேன்.

“போன மாசம் வரைக்கும் செஞ்ச எந்த வேலையம்மா இப்ப செய்யறதில்ல?”

“இதென்ன கேள்வி?” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “மொட்டமாடில துணி காயப் போடுறதில்ல. மூணாவது படியிலயே தல சுத்துது. அதெல்லாம் உன்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது, நீ அங்க இருந்துக்கிட்டு,” என்றாள்.

தம்பி மறுநாள் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனான். ரத்தக்கொதிப்பு ஏறிப்போய்க் கிடந்தது. இப்போது மாத்திரையில் இருக்கிறாள். இன்னும் ஜம்மென்றுதான் சொல்கிறாள். நான்தான் அத்தோடு விடுவதில்லை.

8

அந்த எட்டு வாரமும் அஞ்சலையம்மாள் என்னிடம் பேசவில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வருவார், புஷ்பாவிடம் பேசுவார், நான் உள்ளே வந்தால் செல்வியின் கைப்பைக்குள் எதையோ தேடுவார். மாத்திரைகளை மட்டும் ஒன்றுவிடாமல் விழுங்கினார் என்று செல்வி சொன்னார். “அம்மா ரேடியோவுக்கு முன்னாடி மாத்திரைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும், செய்தி சொல்றவன் நேரம் சொன்னதும் முழுங்கும்.”

எட்டு வாரம் எனக்கும் நீளமாகத்தான் இருந்தது. ஊசி இல்லாத ஒவ்வொரு மூன்று வாரமும் அந்த நோய்க்குக் கொடுத்த இடம் என்று எனக்கும் தெரியும். இதயம் திரும்பாவிட்டால்? அவர் கேட்ட கேள்விக்கு ‘வேற வழி பாப்பாங்க’ என்று நான் சொன்ன பதில், எத்தனை இலேசான பதில்.

9

போன வியாழக்கிழமை ஸ்கேன். வேறொருவரை எடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அஞ்சலையம்மாள் செல்வியைப் பார்த்துச் சொன்னார்: “அதுவே எடுக்கட்டும். எங்க பாக்கணும்னு இப்பத்தான் அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

இடது பக்கம் சாய்ந்து படுத்தார். ஒரே தலையணை. ஜெல் சில்லென்று பட்டதும் சிணுங்கினார். திரையில் கீழறை வந்தது. சுருங்கியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். முழு மனத்தோடு சுருங்கியது. மூன்று தடவை அளந்தேன், மூன்று தடவையும் ஐம்பதைத் தாண்டியது. பழைய எண் இல்லை. ஆனால் போதும் என்றார் இதய மருத்துவர். புற்றுநோய் மருத்துவரோடு போனில் பேசினார். மாத்திரை தொடரட்டும், ஊசியும் தொடரலாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

செல்வி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அஞ்சலையம்மாள், “எதுக்கு இப்ப கண்ணக் கசக்குற, மேக்கப்பு போயிரும்,” என்றார்.

பதினொரு மணிக்கு ஊசி அறையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். புஷ்பா நரம்பைத் தேடிப் பிடித்தாள். முதல் சொட்டு விழுந்தது. நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல்.

“மிஸி.”

எட்டு வாரத்துக்குப் பிறகு.

“என்னம்மா?”

“பசியாறிட்டியா?” காலையில் சாப்பிட்டாயா என்பதை இந்த ஊர்த் தமிழர் இப்படித்தான் கேட்பார்கள்.

“இல்லம்மா. உங்க ஸ்கேன் முடியட்டும்னு...”

“மூஞ்சப் பாத்தாலே தெரியுது. போ, போயி நல்லாப் பசியாறிட்டு வா. நான் எங்கயும் போயிர மாட்டேன்.”

கீழே கடையில் தோசை கேட்டேன். இன்னொன்று கேட்டேன். கடைக்காரர் ஒரு டம்ளர் தேநீரை ஆற்றி வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவசரமே படாமல் சாப்பிட்டேன்.